எதையும் விற்காத ஆள்

ஆலோசனை சொல்பவர் வேறு, விற்பவர் வேறு என்று இப்போது விதியே வந்துவிட்டது. கட்டணம் வாங்கி யோசனை சொல்கிறவர் கமிஷன் வாங்கக் கூடாதாம். எங்கள் வரி ஆலோசகர் சங்கத்தின் இளைய உறுப்பினர் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்து, இந்த விதியெல்லாம் இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார். சமாளித்தது என்பது சரியான சொல். எப்படிச் சமாளித்தேன் என்று எழுதுகிறேன். படித்துப் பார்த்துவிட்டு மலரில் போடுவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் கோவையில் பி.காம். படித்தேன். ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு ராஜவீதியில் ஆடிட்டர் சிவசைலத்தின் அலுவலகத்தில் சேர்ந்து, வருமான வரிப் படிவங்களைக் கையாளும் தகுதி பெற்றேன். அந்த வருடங்களைப் பற்றி விரித்து எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் கற்றுக்கொள்வதைத்தான் நானும் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஆடிட்டர் என்னைவிட நான்கு வயது மூத்தவர்.

அந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புதுவகை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிங்காநல்லூர்ப் பக்கத்து வார்ப்படப் பட்டறைகளும் மில்களும், நெடுநாள் வேலை பார்த்த தொழிலாளிகளைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டு, அதே ஆட்களை அதே இடத்தில் அதே வேலைக்குக் காண்ட்ராக்டர் என்று வைத்துக்கொண்டன. நேற்றுவரை சம்பளக் கவர் வாங்கியவர் இன்று பில் போட வேண்டும். பில் தொகையில் கம்பெனி வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தரும். பிடித்த வரியைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட வேண்டும். அதற்காகத்தான் எங்கள் மாடிப்படி ஏறினார்கள்.

ரிட்டர்ன் வேலை முடிந்த பிறகும் அவர்கள் எழுந்து போவதில்லை. பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுப்பார்கள். கணக்கு முடித்தபோது வந்த வைப்பு நிதியும் பணிக்கொடையும் மொத்தமாக வங்கியில் கிடக்கும். இனிமேல் பி.எஃப். பிடித்தம் கிடையாது. வயதான காலத்துக்கு வேறு வரும்படியும் கிடையாது. இதை எங்கே போடுவது என்று கேட்பார்கள். இப்படிக் கேட்பவர்கள் பெருகியதும், ஆலோசனைக்கென்று தனியாக ஒரு சிறு கட்டணம் வைத்து ஆடிட்டர் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரியாதை கூடக்கூடச் சந்தேகமும் கூடுகிற மனிதர் அவர். 'என்ன நாச்சிமுத்து' என்று என்னைக் கூப்பிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். 'ஏனுங்க நாச்சிமுத்து' என்றால் ஏதோ ஒரு கூட்டல் இடிக்கிறது. 'ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க' என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் வசமாக மாட்டிக்கொண்டார். தீபாவளி நெருங்கினால் இன்ஷூரன்ஸ்காரர்களும் நிதி நிறுவனத்துக்காரர்களும் இனிப்புப் பெட்டி, டைரி, காலண்டர் என்று கொண்டுவருவார்கள். அவர் எழுந்து நின்று கும்பிட்டு, 'ஊட்ல எல்லாருக்கும் சர்க்கரைங்க' என்று சொல்லி, பெட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. அலுவலகத்துக்கு வேண்டிய காலண்டரைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆடிட்டர் அந்தத் தெருவில் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆலோசனைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கேட்க வந்தவரை மேஜைக்கு எதிரே உட்கார வைக்கக் கூடாது. இருவரும் ஒரே காகிதத்தைப் பார்க்கும்படி பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். கால் தாளில் நான்கு வரி எழுத வேண்டும். இந்தப் பணம் எதற்கு, எப்போது வேண்டும் என்பது முதல் வரி. எங்கே போடச் சொல்கிறோம் என்பது இரண்டாவது. அந்த இடம் மூடிப்போனால் யாரைப் போய்க் கேட்பது என்பது மூன்றாவது. இதில் கட்டணம் தவிர நமக்கு வருவது என்ன என்பது நான்காவது. அடியில் கார்பன் வைத்து எழுதி, வாய்விட்டு வாசித்துக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். மேல் தாள் வந்தவருக்கு. கார்பன் நகல் கோப்புக்கு. நாலாவது வரியில் எப்போதும் 'இல்லை' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். இருந்தும் அதை அச்சடித்து வைக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் கையால் எழுதினால்தான் எழுதுகிறவனுக்கு உறைக்கும் என்பார்.

எனக்கு உறைக்காமல் போனது எப்படி என்று சொல்கிறேன்.

காந்திபுரத்தில் ஒரு நிதி நிறுவனம் கிளை திறந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், கவுண்டரில் சீருடை போட்ட பெண்கள். கிளை மேலாளர் என்னோடு கல்லூரியில் படித்தவர். அஞ்சலகத்தைவிட மாதவட்டி கூடுதல், பணம் கொண்டுவரும் முகவருக்கு உடனே கமிஷன். அஞ்சலகச் சேமிப்பிலும் முகவர்களுக்கு ஏதோ கிடைக்கும், ஆனால் அது பஸ் செலவுக்குக்கூடக் காணாது. என்னையும் முகவராகச் சேரச் சொன்னார். நான் தயங்கினேன். எங்கள் அலுவலக முறையை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உங்க பேர்ல எதுக்குங்க எடுக்கறீங்க? ஊட்ல அம்மணி பேர்ல எடுத்துக்கோங்க. பேங்க்ல வேலை செய்யறவங்க, வாத்தியாருங்க, எல்லாரும் அப்படித்தானுங்க பண்றாங்க."

அது உண்மைதான். அன்றைய கோவையில் வீட்டை விட்டு வெளியே வராமலே ஏராளமான பெண்கள் நிதி முகவர்களாக இருந்தார்கள். என் மனைவி சரோஜா படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"இதுக்கு நான் என்னங்க வேலை செய்யோணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"அப்பறம் எனக்கு எதுக்குங்க காசு தாராங்க?"

"உனக்குப் புரியாது, போடு" என்றேன். போட்டாள்.

எனக்குப் பணமுடை எதுவும் அப்போது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மகளுக்குக் கல்யாண வயது ஆகவில்லை. வீட்டில் யாருக்கும் நோய் இல்லை. மாடியில் சிமெண்டுத் தளம் இருந்தது. அதை மொசைக் ஆக்க வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். மொசைக் போட்டேன். மழைக்காலத்தில் வழுக்கும். இன்றும் அதன் மேல்தான் நடக்கிறேன்.

ஆரோக்கியசாமி வந்தது அதற்கு அடுத்த மாதம். அவர் வார்ப்படப் பட்டறையில் அச்சு கட்டுகிறவர். மரப்பெட்டியில் கருமண்ணை இடித்து, அதில் பம்பு உறையின் வடிவத்தைப் பதித்து, உருக்கிய இரும்பை ஊற்றும் வேலை. இருபத்தாறு வருடம் சம்பளத்துக்குச் செய்துவிட்டு, நாற்பத்தொன்பது வயதில் காண்ட்ராக்டர் ஆக்கப்பட்டவர். அப்பாவும் அம்மாவும் தொண்டாமுத்தூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா எழுபது வயதில் வரப்பில் விழுந்து இறந்த அன்றுகூட வேலைக்குத்தான் போயிருந்தாராம். இவ்வளவு பணத்தை ஒன்றாகப் பார்ப்பது அந்தக் குடும்பத்தில் இவர்தான் முதல் ஆள்.

பக்கத்தில் உட்கார வைத்ததும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க சார், முதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. நான் ஆரையும் நம்பறதில்லீங்க."

"சரிங்க."

"என் சம்சாரத்தோட தம்பி இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுங்க. பத்து வருசமா ஊட்டுப் பக்கம் எட்டிப் பாக்காதவன், பி.எஃப். வந்த வாரம் மூணு தடவை வந்து என் ஒடம்ப விசாரிக்கறானுங்க. பேங்க் மேனேஜர் எனக்கு டீ வாங்கித் தர்றாருங்க. இருபது வருசமா அந்த பேங்க்ல நான் நின்னுட்டே இருந்தவனுங்க. எங்க சூப்பர்வைசர் சீட்டு நடத்தறாருங்க, அவரு வந்து 'என்ன இருந்தாலும் நம்ம ஆளுங்க நீங்க'ங்கறாரு. கணக்கு முடிச்சு அனுப்பறப்ப நான் ஆரு ஆளுன்னு அவருக்குத் தெரியலீங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு எதையும் விக்காத ஆளு ஒருத்தரு வேணுமுங்க. அதுக்குத்தான் வந்தனுங்க. உங்க பீசு எவ்வளவுங்க?"

சொன்னேன். உடனே எடுத்து மேஜையில் வைத்தார். மற்றவர்களெல்லாம் யோசனைக்குக் காசா என்று முகம் சுளிப்பார்கள். இவருக்கோ கட்டணம் இருப்பதே பெரிய நிம்மதி. "காசு வாங்கிட்டுச் சொல்றீங்க பாருங்க, அப்பக் கேக்கலாமுங்க" என்றார்.

பணம் எதற்கு என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"அறுவது வயசோட நிறுத்திப்போடோணுமுங்க. அதுக்கு மேல உலை முன்னால நிக்க மாட்டனுங்க. மூச்சு இப்பவே பத்தறதில்லை. மாசம் ஒண்ணாந் தேதி எங்கிருந்தாவது ஒரு காசு கைக்கு வரோணும். பசங்க கிட்டக் கையேந்த மாட்டேன். எங்கப்பனாட்டம் வேலையில சாகவும் மாட்டேன். அவ்வளவுதானுங்க."

அந்த முதல் வரியை அவர் சொன்னபடியே எழுதினேன். இந்தத் தொழிலில் அவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தத் தெளிவுக்குச் சரியான பதிலும் எனக்குத் தெரியும். அஞ்சலக மாதவருவாய்த் திட்டத்தில் ஒரு பங்கு. பி.பி.எஃப். என்கிற பதினைந்து வருடப் பொதுச் சேம நிதியில் இன்னொரு பங்கு. காண்ட்ராக்ட் வருமானத்தில் வருடம் கொஞ்சம் அதே நிதியில் சேர்த்துக்கொண்டே வருவது. அந்த நிதி முதிர்வதற்குள் அறுபது தாண்டிவிடும், ஆனால் நடுவில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், மாதவருவாயும் வந்துகொண்டிருக்கும். என் சொந்தப் பணம் அப்படித்தான் இருந்தது. என் மாமனார் பணத்தையும் அப்படித்தான் போட்டுக் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது வரியில் காந்திபுரம் நிறுவனத்தின் பெயரை எழுதினேன். முக்கால் பங்கு அங்கே, கால் பங்கு அஞ்சலகத்தில்.

"போஸ்டாபீஸ்லயே முழுசாப் போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டார்.

"ஆகும். ஆனா வட்டி கம்மி. இன்னும் பத்துப் பன்னிரண்டு வருசத்துல விலைவாசி எங்க போகும்னு பாருங்க" என்றேன். இது பொய்யில்லை. பொய் சொல்லாமல் ஒருவரைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போக முடியும் என்பதை இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது வரி: அந்த இடம் மூடிப்போனால் யாரைப் போய்க் கேட்பது? 'முறையாகப் பதிவு பெற்ற நிறுவனம்' என்று எழுதினேன். கேள்விக்கு அது பதிலே இல்லை. பதில்போலத் தெரியும். நாலாவது வரியில் 'இல்லை' என்று எழுதினேன். என் பெயரில் எதுவும் வராது, ஆகையால் எழுதலாம் என்று அந்த நொடியில் எனக்குள் சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் உடனே போய்ப் போட்டுவிடவில்லை. மூன்று வாரம் கழித்து வந்து, அதே கேள்விகளைப் புதிதாகக் கேட்பதுபோல மறுபடி கேட்டார். பதில் மாறுகிறதா என்று பார்க்கிறார் என்று புரிந்தது. மாறவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் என் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்தார். சரோஜாவைக் கூப்பிட்டுக் காபி கொடுக்கச் சொன்னேன். உட்கார்ந்து குடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். என் வசதி என் சம்பளத்துக்கு ஒத்துப்போகிறதா என்று கணக்குப் போட்டிருப்பார். நான் நிரப்பித் தந்த படிவத்தோடு ஜனவரியில்தான் போய்ப் பணத்தைப் போட்டார்.

அவரோடு சேர்த்து ஏழு பேரை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். நாலாவது ஆளின் கார்பன் நகலைக் கோப்பில் பார்த்த ஆடிட்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க நாச்சிமுத்து, இந்தப் பேரு அடிக்கடி வருதுங்களே?"

"வட்டி நல்லா இருக்குதுங்க. ஒழுங்கா செக் அனுப்பறாங்க."

"சரிங்க" என்றார். நகலைத் திருப்பி வைத்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. தன்னோடு பதினாறு வருடம் இருந்தவனிடம் அதற்கு மேல் கேட்பது அவமரியாதை என்று நினைத்திருக்கலாம். நான் அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டரை வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆரோக்கியசாமி வட்டிக் காசோலை வந்த காலையே வங்கிக்கு ஓடுவார், பணம் ஏறியதா என்று இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்ப்பார். பிறகு ஒரு மாதம் காசோலை திரும்பியது. அடுத்த மாதம் காசோலையே வரவில்லை. ஒரு திங்கட்கிழமை கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு ஷட்டர் இறங்கியிருந்தது. அதன் முன்னால் நூறு பேருக்கு மேல் ரசீதுகளைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். நான் எதிர்ச்சாரியில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என் கல்லூரி நண்பர் ஊரில் இல்லை.

அன்று பிற்பகல் ஆரோக்கியசாமி அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கம்பெனியைத் திட்டினார். மச்சானைத் திட்டினார், அவன்தான் கண் வைத்துவிட்டான் என்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்களே சொல்லுங்க சார். ஆரப் போய்ப் புடிக்கறதுங்க?"

அடுத்த ஆறு வாரம் அவருக்காக மனு எழுதினேன். முதலீட்டாளர்கள் கூட்டங்களுக்கு அவரோடு போனேன். யாரும் சொல்லாமலே ஜெராக்ஸ் செலவையெல்லாம் நானே ஏற்றுக்கொண்டேன். மற்ற ஆறு பேருக்கும் அதையே செய்தேன். அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். ஒருவர் வாழைத்தார் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பிறகு போலீசில் கொடுக்க ஒரு புகார்ப் படிவம் வந்தது. ஆரோக்கியசாமி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். பெயர், தகப்பனார் பெயர், போட்ட தொகை, தேதி. அடுத்த கட்டம், எந்த முகவர் மூலம் என்று கேட்டது. அதை விட்டுவிட்டு அதற்கடுத்த கட்டத்துக்குப் போனேன்.

அவர் விரலை அந்த வெற்றுக் கட்டத்தின் மேல் வைத்தார். மண்ணும் கரியும் ஏறிய தடித்த விரல்.

"இதுல ஒண்ணும் எழுதலீங்களா?"

"தேவையில்லீங்க. நேரா நீங்களே போய்த்தான போட்டீங்க."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "சரிங்க" என்றார். விரலை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆடிட்டரிடம் போய்ச் சொன்னேன். நல்ல எண்ணம் வந்து சொன்னேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போலீஸ் எப்படியும் முகவர் பட்டியலை எடுக்கும், அதில் சரோஜாவின் பெயர் இருக்கும், வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுவது மேல் என்ற கணக்கும் அதில் இருந்தது. பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மேஜை மேல் வைத்தார்.

"ஏனுங்க நாச்சிமுத்து, தப்பா நெனச்சுக்காதீங்க. எத்தனை பேருங்க?"

"ஏழு பேருங்க."

அவரே எழுந்து போய்க் கோப்பை எடுத்துவந்தார். ஏழு கார்பன் நகல்களையும் பிரித்து என் முன்னால் வரிசையாக வைத்தார்.

"எழுதுன கையாலயே திருத்துங்க. நாலாவது வரியில 'இல்லை'ங்கறத அடிச்சுப்போட்டு, ஊட்ல அம்மணி பேர்ல எவ்வளவு வந்துச்சோ அத எழுதுங்க. இன்னைக்குத் தேதி போடுங்க. அப்பறம் ஒவ்வொருத்தர் கிட்டயும் நேர்ல கொண்டுபோய் வாசிச்சுக் காட்டுங்க. தபால்ல அனுப்பக் கூடாதுங்க."

"போலீசுக்குப் போனாங்கன்னா?"

"போவாங்க. போகட்டுமுங்க."

நகல்களை என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்களுக்கு இங்க வேலை இருக்குதுங்க. ரிட்டர்ன் எழுதுங்க. யோசனை சொல்ற நாற்காலி இனி வேண்டாமுங்க" என்றார். வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த 'ங்க'வை அவர் ஓய்வு பெறும்வரை என்னிடம் குறைக்கவே இல்லை. 'என்ன நாச்சிமுத்து' என்று அதன் பிறகு ஒருநாளும் என்னை அவர் கூப்பிட்டதில்லை.

ஆறு பேரிடம் போய்வந்தேன். காரமடையில் ஒருவர் மனைவி என்னைத் திண்டாட விட்டாள். தெருவில் நிறுத்தி நாலு வீட்டுக்குக் கேட்கும்படி பேசினாள். இன்னொருவர் கதவைச் சாத்திக்கொண்டார். கமிஷனாக வந்ததையெல்லாம் ஏழு பங்காக்கிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் இழந்த தொகைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆரோக்கியசாமியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்.

பட்டறைக்குப் பின்புறம் தகரக் கூரையடியில் அவருடைய காண்ட்ராக்ட் இடம். நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பதித்த அச்சின் ஓரத்தில் உதிர்ந்திருந்த மண்ணைச் சின்னக் கரண்டியால் வழித்துச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை.

"வாங்க சார். மண்ணு ஒட்டும், அந்தப் பொட்டி மேல உக்காருங்க."

உட்காரவில்லை. திருத்திய தாளை எடுத்து நான்கு வரியையும் வாசித்தேன். நாலாவது வரியை அவசரமாக வாசித்துவிட்டேன். திரும்ப ஒருமுறை வாசித்தேன்.

அவர் மண்ணை வழிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"பணம் போட்ட ஒடனே ரசீதைப் பாத்தனுங்க. மூலையில ஒரு நம்பரு இருந்துச்சு. இது என்ன நம்பருன்னு கவுண்டர்ல இருந்த புள்ளையக் கேட்டேன். சரோஜா அம்மாவோட ஏஜெண்டு கோடுன்னு சொல்லுச்சு. கேக்கு குடுக்க வந்தப்ப உங்க ஊட்ல காபி குடுத்தாங்களே, நீங்க பேரு சொல்லிக் கூப்புட்டீங்களே. வேற ஆரோ சரோஜாவா இருக்கும்னு நெனைக்க எனக்கென்ன பைத்தியமுங்களா?"

"அப்பவே தெரிஞ்சும் ஏனுங்க அங்கேயே விட்டீங்க? எடுத்திருக்கலாமே."

இப்போதுதான் கரண்டியைக் கீழே வைத்தார். முழங்கையால் நெற்றியைத் துடைத்தார்.

"எடுக்கலாம்னுதானுங்க நெனச்சேன். ரெண்டு நாள் யோசிச்சேன். அப்பறம் தோணுச்சு, சம்சாரம் பேரையே அங்க குடுத்திருக்காரு, அப்படின்னா இவரு காசும் அங்கதான் கெடக்கும். படிச்சவரு, கணக்குத் தெரிஞ்சவரு. முழுகற எடம்னா அவரு ஊட்டுக் காச வெப்பாருங்களா? கமிஷன் திங்கறாரு, தின்னுட்டுப் போறாரு. எடம் நல்ல எடமாத்தான் இருக்கோணும்னு விட்டுப்போட்டனுங்க."

யாரையும் நம்பாதவர் தன் வாழ்நாளில் நம்பிய ஒன்று அதுதான். என் திருட்டைக் கண்டுபிடித்து, அந்தத் திருட்டையே எனக்கு ஜாமீனாக வைத்துக்கொண்டார். அன்று முதல் இரண்டரை வருடம் என்னைப் பார்த்து அவர் பேசியதெல்லாம் தெரிந்தே பேசியது. படிவத்தின் வெற்றுக் கட்டத்தில் விரலை வைத்ததும் தெரிந்தேதான்.

"உங்களுக்கு எவ்வளவுங்க போச்சு?" என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. சேர்ந்து நனைந்தவர்கள் விசாரித்துக்கொள்கிற மாதிரிதான் கேட்டார். ஏதாவது ஒரு தொகையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். கொஞ்சம் ஆறுதல்கூடப் பட்டிருப்பார்.

"எனக்கு ஒண்ணும் போகலீங்க. என் காசு அங்க இல்லை."

"எங்கீங்க இருந்துச்சு?"

"போஸ்டாபீஸ்லங்க. பொதுச் சேம நிதியில."

"முழுசுமா?"

"முழுசும்."

வேலை செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். ஆரோக்கியசாமி கரண்டியை எடுத்து அச்சின் ஓரத்தை ஒருமுறை வழித்தார். பிறகு என் கையிலிருந்த தாளையும் கவரையும் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இன்னுங் கொஞ்ச நேரத்துல ஊத்தறதுங்க. தெறிக்கும். நீங்க போங்க" என்றார்.

போலீஸ் சரோஜாவை ஒருமுறை விசாரித்தார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது பார்த்ததுமே புரிந்துவிட, என்னைக் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். நிறுவனத்தின் சொத்துகளை விற்றுப் பல வருடங்கள் கழித்து முதலீட்டாளர்களுக்கு ஏதோ கொஞ்சம் கொடுத்தார்கள். அவ்வளவுதான் கிடைத்தது.

ஆரோக்கியசாமி இனி எங்கள் படியேற மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஜூலையில் கம்பெனி தந்த வரிப்பிடித்தச் சான்றிதழோடு வந்தார். வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "இதுக்கு நீங்க போதுமுங்க. இதுல நீங்க எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே" என்றார். அதற்குப் பிறகு பணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எஞ்சியதையும் புதிதாகச் சேர்த்ததையும் எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் இல்லை.

வருடாவருடம் ஜூலையில் வந்தார். மூச்சு வாங்க மாடிப்படி ஏறி, கைப்பிடியைப் பிடித்தபடி சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் பெயர் எழுதுவேன், பிறந்த தேதி எழுதுவேன், வருமானம் எந்த வகை என்ற இடத்தில் ஒப்பந்த வேலை என்று எழுதுவேன். ஒரு ஜூலையில் பிறந்த தேதியை எழுதிவிட்டு மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். அறுபது முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வருமான வகைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"ஏனுங்க நின்னுட்டீங்க?" என்றார். "அதேதானுங்க. எழுதுங்க."